மருமவன் வாங்கின ரிவால்வரும் அப்பாவோட நாட்டுத் துப்பாக்கியும்

மரவள்ளிக்குக் களை வெட்டிட்டு இருந்ததால பதினஞ்சு நாளா எதுவும் எழுத முடியல. இன்னிக்கு விவசாயம் பத்தி எழுதப் போறதில்ல. துப்பாக்கி பத்தி எழுதப் போறேன். பயந்துடாதீங்க.

எங்க அக்கா மவன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கான். மெக்கானிக்கல் படிச்சவன். அவங்க அப்பா, எங்க மாமா, லேத் பட்டறை வச்சிருந்தவரு. சின்ன வயசுலேர்ந்தே இரும்பு, கியர், ஸ்பிரிங்குன்னா பையனுக்கு உசுரு. போன வாரம் வாட்ஸப்ல வீடியோ கால் பண்ணினான். "மாமா, ஒண்ணு காட்டறேன் பாருங்க"ன்னு ஒரு சின்ன ரிவால்வரை உள்ளங்கையில வச்சுக் காட்டினான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி, 38 அளவு, அஞ்சு தோட்டா. 1880ல வந்த மாடலாம். இனிமே பழைய ரிவால்வரா தேடிச் சேர்க்கப் போறானாம், இதுதான் முதல் பொருளாம்.

"டேய் மாப்ள, போலீஸ் புடிக்காதா?"ன்னேன். சிரிச்சான். அந்த நாட்டுல 1968ல ஒரு சட்டம் போட்டிருக்காங்களாம். 1898 வரைக்கும் செஞ்ச துப்பாக்கிங்க மத்திய அரசு சட்டப்படி பழம்பொருள் கணக்குல வந்துடுமாம். மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறுமாம்.

அதுவரைக்கும் சரி. அப்புறம் ஒண்ணு கேட்டான் பாருங்க: "மாமா, தாத்தாவோட துப்பாக்கி எங்க இருக்கு? எனக்குக் குடுக்க முடியுமா?"

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல அவன் பக்கத்தைச் சொல்லிடறேன். அவன் ஏன் இதுல விழுந்தான்னு எனக்குப் புரியுது. அந்தத் துப்பாக்கியோட மேல்பக்கக் கொக்கியைத் தூக்கினா நடுவுல மடியுது. மடியும்போதே காலித் தோட்டா அஞ்சும் ஒண்ணா வெளிய வருது. விசையை ஒரு தடவை இழுத்தா உருளை ஒரு பல் சுத்துது, சரியான இடத்துல நின்னு பூட்டுது, சுத்தி பின்னால போகுது, திரும்பி வந்து அடிக்குது. ஒரே விரல், நாலு வேலை. நூறு வருஷத்துக்கு முந்தி இதைச் செஞ்சவன் சாதாரண ஆள் இல்ல. ராட்சட்டும் அதைத் தடுக்கிற நாக்கும் எப்படி வேலை செய்யும்னு நமக்குத் தெரியும். அதே சங்கதிதான், ஆனா கடுகு சைஸ்ல.

சாமுவேல் கோல்ட்னு ஒருத்தர் 1836ல அமெரிக்காவுல இந்தச் சுழலும் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கினாரு. ஆரம்பிச்ச கம்பெனி 1842ல படுத்துடுச்சு. 1847ல மெக்சிகோ சண்டைக்காக ராணுவம் ஆர்டர் குடுத்த பிறகுதான் எழுந்தாரு. அப்புறம் மெஷின் போட்டு, ஒண்ணோட பாகம் இன்னொண்ணுக்குப் பொருந்துற மாதிரி ஆயிரக்கணக்குல செய்யற வழியைப் பெரிசாக்கினாரு. இன்னிக்கு நாம மோட்டார் கடைக்குப் போயி பேரிங் நம்பரைச் சொன்னா அதே அளவுல எடுத்துக் குடுக்கறான் இல்ல, அந்தப் பழக்கம் உலகத்துல வளந்ததுல துப்பாக்கிப் பட்டறைங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. நல்ல விஷயம் எல்லாம் நல்ல இடத்துலதான் பொறக்கணும்னு இல்ல.

அவன் படிச்சுத்தான் இறங்கியிருக்கான். பழசைப் பாத்து பாலீஷ் போடக் கூடாதாம், மேல்பூச்சைப் புதுசாக்கினா மதிப்பு போயிடுமாம். துரு கூட அதோட வயசுக்குச் சாட்சியாம். இத்தாலியில பழைய மாடல் மாதிரியே புதுசா செஞ்சு விக்கறாங்களாம். அதையே வாங்கி மேல்பூச்சைக் கெடுத்துப் பழசுன்னு ஏமாத்தறவனும் இருக்கானாம். உடம்புல இருக்கிற நம்பருங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு பாக்கணுமாம். அந்தக் காலத்து இரும்பு கரிமருந்துக்குச் செஞ்சது, இந்தக் காலத்துத் தோட்டாவைப் போட்டா வெடிச்சுக் கையைக் கொண்டுபோயிடும், அதனால சுடறதே இல்லேன்னு வச்சிருக்கான். இதெல்லாம் கேட்டப்ப, பையன் பொறுப்பாத்தான் இருக்கான்னு தோணுச்சு.

ஆனா அப்பாவோட துப்பாக்கின்னு கேட்டதும் மனசு வேற எங்கயோ போயிடுச்சு.

எங்க காடு தருமபுரி மாவட்டத்துல மலையடிவாரம். அப்பா கிட்ட இருந்தது ஒத்தக்குழல் நாட்டுத் துப்பாக்கி. பயிர் பாதுகாப்புன்னு லைசென்ஸ். குழல் வாயில கரிமருந்தைக் கொட்டணும், தேங்காய் நாரை வச்சு நீளக் கம்பியால குத்தி இறுக்கணும், அதுமேல ஈய உருண்டை, அதுக்கு மேல மறுபடி நார். கடைசியா பின்பக்கம் மூக்குல ஒரு சின்னக் கேப்பு மாட்டணும். விசையை இழுத்தா சுத்தி அந்தக் கேப்பை அடிக்கும், நெருப்பு உள்ள போகும். இதெல்லாம் பண்ணி முடிக்கறதுக்குள்ள பன்னி பாதிக் காட்டைக் கிளறிட்டுப் போயிருக்கும். உண்மையைச் சொன்னா அப்பா அதை வச்சுப் பன்னியைக் கொன்னதை விட, வெறும் மருந்து போட்டு 'டமார்'னு சத்தம் கிளப்பி விரட்டினதுதான் அதிகம்.

எனக்குப் பதினஞ்சு வயசு இருக்கும். மார்கழி மாசம். மரவள்ளி கிழங்கு வச்சு நிக்குது. பரண் மேல அப்பாவும் நானும். டார்ச் என் கையில. "நான் சொன்னாத்தான் அடிக்கணும், வெளிச்சம் பட்டா ஓடிடும்"னு சொல்லி வச்சிருந்தாரு. நடு ராத்திரிக்கு மேல மேக்கால மரவள்ளி அசையுது. 'சரக் சரக்'னு மண் பறிக்கிற சத்தம். அப்பா குறி வச்சாரு. விசையை இழுத்தாரு.

'டக்.'

அவ்வளவுதான். கேப்பு வெடிக்கல. பனியில நமுத்துப் போயிருக்கு.

அப்பா வேற கேப்பு எடுக்க மடியில கைவிட்டாரு. அந்த நேரத்துல மரவள்ளிக்குள்ள இருந்து ஒரு கனைப்பு. மனுஷக் கனைப்பு. பக்கத்துக் காட்டுப் பெரியப்பா. அவங்களுக்கு ராத்திரி முறைக் கரண்ட். மோட்டாரைப் போட்டுட்டு, எங்க வரப்போரமா வர்ற வாய்க்கால்ல மடை திருப்பக் குனிஞ்சு மண்ணைப் பறிச்சிட்டு இருந்திருக்காரு.

அப்பா கையில இருந்து கேப்பு விழுந்துச்சு. இருட்டுல அது பலகை மேல உருண்ட சத்தம் இன்னிக்கும் என் காதுல இருக்கு. விடியற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் அப்பா அந்தத் துப்பாக்கியில உருண்டை போட்டதே கிடையாது. வெறும் மருந்துதான், வானத்தைப் பாத்துத்தான். அம்மாகிட்ட கூட சொல்லல. என்கிட்ட "சொல்லாத"ன்னும் சொல்லல. நானா சொல்லாம இருந்துட்டேன்.

மருமவன் அந்த ரிவால்வரோட பெருமையைச் சொல்லச் சொல்ல எனக்கு இதுதான் ஓடுச்சு. ரிவால்வர்ங்கிறது என்ன? முதல் குண்டுக்கும் ரெண்டாவது குண்டுக்கும் நடுவுல இருக்கிற நேரத்தை இல்லாம பண்ண ஒருத்தன் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிச்சது. ஒரு அறையில வெடிக்கலேன்னா கவலையில்ல, மறுபடி விசையை இழு, அடுத்தது வந்து நிக்கும். அன்னிக்கு அப்பா கையில அது இருந்திருந்தா ரெண்டாவது தடவை விரல் தானா இழுத்திருக்கும். பெரியப்பா போயிருப்பாரு, அப்பா ஜெயிலுக்குப் போயிருப்பாரு, ரெண்டு குடும்பமும் அழிஞ்சிருக்கும். இன்னொரு கேப்பைத் தேடி எடுத்து மாட்டற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் எல்லாரும் பிழைச்சோம்.

நாட்டுத் துப்பாக்கியும் ஆளைக் கொல்லும், இல்லேன்னு சொல்லல. ஆனா அது காட்டுக்குன்னு வச்சிருந்த சாமான், மம்முட்டி கடப்பாரையோட ஒண்ணா மூலையில நிக்கும். ரிவால்வர் இடுப்புல சொருகறதுக்கு ஆனது. அதை யாரும் பன்னிக்குச் செய்யல. மனுஷன் எதிர்ல மனுஷன் நிக்கறதுக்குச் செஞ்சது. சேத்து வைக்கறவங்க இதை மறந்துடக் கூடாதுங்கறதுதான் என் கருத்து. ஒரு பழைய பித்தளைச் செம்பை அலமாரியில வைக்கற மாதிரி இதை வைக்க முடியாது.

இப்ப நம்ம ஊருக்கு வரேன். பட்டணத்துல இருக்கிற உங்கள்ல சில பேருக்கு இது நேரா உதவும். காரைக்குடிக்குப் போயி பழைய கதவு, தூண், கிராமபோன் வாங்கிட்டு வர்ற மாதிரி, "எங்கயாவது ஜமீன் வீட்டுப் பழைய ரிவால்வர் கிடைக்குமா"ன்னு கேக்கறவங்களையும் பாத்திருக்கேன். தயவுசெஞ்சு அந்த வேலை வேண்டாம். லைசென்ஸ் இல்லாம வாங்கினா, பழசா புதுசான்னு யாரும் பாக்க மாட்டாங்க, உள்ளதான்.

நம்ம நாட்டுல இப்ப இருக்கிறது 1959 ஆயுதச் சட்டம். அதுக்கு முந்தி 1878ல லிட்டன் பிரபு காலத்துச் சட்டம். அதுல நம்ம ஆளுங்களுக்கு லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரங்களுக்கு விலக்கு. அதுக்கும் முன்னால 1801ல பாளையக்காரங்க சண்டை முடிஞ்சதும், தெக்குச் சீமையில யாரும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு கும்பினிக்காரன் அறிவிப்புப் போட்டான். அதனால பழைய ரிவால்வர்னு நம்ம ஊர்ல கிடைச்சா அது பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரி, தோட்டத் துரை, ஜமீன் கையில இருந்ததாத்தான் இருக்கும். வெப்ளின்னு ஒரு கம்பெனி ரிவால்வரைத்தான் 1887லேர்ந்து பிரிட்டிஷ் ராணுவம் வச்சிருந்துச்சு. அதை இங்க யாரைப் பாத்து நீட்டியிருப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 1911 ஜூன் 17ந் தேதி மணியாச்சியில வாஞ்சிநாதன் கையில இருந்தது ரிவால்வர்னு சில பேர் எழுதறாங்க. அது பெல்ஜியத்துல செஞ்ச பிரௌனிங் பிஸ்டல், சுத்தற உருளை கிடையாது. இதைச் சும்மா தெரிஞ்சுக்கச் சொல்றேன்.

2019ல சட்டத்தைத் திருத்தி ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. முன்னால மூணு. பரம்பரையா வந்ததையும் சேத்துத்தான் ரெண்டு. ஆக, மருமவன் மாதிரி வரிசையா சேர்க்கறதுங்கறது இங்க நடக்காத காரியம். பழம்பொருள்னு ஒரு விலக்கு சட்டத்துல இருக்கு, 45வது பிரிவு. ஆனா நல்லா கவனிங்க: ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத நிலையில இருக்கிறதுக்குத்தான் அது. சுடுமா சுடாதான்னு நீங்களோ நானோ முடிவு பண்ண முடியாது.

அப்ப தாத்தா செத்து அவர் டிரங்குப் பெட்டியில ஒண்ணு கிடைச்சா என்ன பண்றது? முதல்ல விசையில கை வைக்காதீங்க. நாப்பது வருஷமா உள்ள மருந்து இருக்கலாம். ஃபோட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போடாதீங்க. பக்கத்து ஸ்டேஷன்ல சொல்லி ஒப்படைச்சு ரசீது வாங்குங்க, இல்லேன்னா லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில டெபாசிட் பண்ணலாம். தாத்தா பேர்ல லைசென்ஸ் இருந்திருந்தா வாரிசு பேருக்கு மாத்தக் கேட்டு மனு போடலாம். உயிரோட இருக்கும்போதே, எழுபது வயசு ஆனவங்களோ இருபத்தஞ்சு வருஷம் வச்சிருந்தவங்களோ வாரிசுக்கு மாத்தித் தரவும் விதி இருக்கு. எங்க அப்பா காலத்துலயே அதைப் பண்ணியிருக்கலாம். பண்ணல. நானும் கேக்கல, அவரும் சொல்லல.

அப்பா போயி ரெண்டு வருஷம் ஆச்சு. துப்பாக்கி அப்பவே ஸ்டேஷனுக்குப் போயிடுச்சு. அது அந்த இடத்துக்குப் புதுசு இல்ல. ஒவ்வொரு தேர்தலுக்கும் தேதி அறிவிச்ச உடனே அப்பா அதைச் சாக்குல சுத்தி சைக்கிள்ல கட்டிக் கொண்டுபோயி ஒப்படைச்சு, ஓட்டு எண்ணி முடிச்ச பிறகு போயி எடுத்துட்டு வருவாரு. அப்ப ஒரு தகரச் சீட்டுல நம்பர் எழுதிக் கட்டுவாங்க. இப்ப வாரிசு மனுவுக்காக நான் ஒரு ஆபீசுக்கு நாலு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காகிதம் கேட்டாங்க. கடைசி தடவை ஒருத்தர், "இதை வச்சு என்னய்யா பண்ணப் போற?"ன்னு கேட்டாரு. கோவம் வந்துச்சு. ஆனா பஸ்ல வரும்போது யோசிச்சா, கேள்வி சரியாத்தான் இருக்கு.

என்ன பண்ணப் போறேன்? பன்னியைச் சுட எனக்கு உரிமை இல்ல. 2025 ஜனவரியில அரசு சொன்னது என்னன்னா, காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியை வனத்துறைதான் சுடலாம். ஒண்ணுலேர்ந்து மூணு கிலோமீட்டர்னா புடிச்சுக் காட்டுல விடணும். ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. என் காடு அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ள. அதனால வரப்பைச் சுத்திப் பழைய சேலை கட்டியிருக்கேன். தகர டப்பா தொங்குது. பாதிக் கிழங்கு பன்னிக்கு, மீதி எனக்கு. இதுக்குப் பொறுக்க மாட்டாம சில பேர் திருட்டுக் கரண்ட் கம்பி கட்டறாங்க. 2023 மார்ச்சுல எங்க மாவட்டத்துல மாரண்டஹள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில மூணு யானை செத்துச்சு. கம்பிக்கு ஆளும் தெரியாது, ஆனையும் தெரியாது. இருமினா கேக்கவும் கேக்காது. அந்த வேலையை மட்டும் நான் செய்ய மாட்டேன்.

இருமல்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும்.

இந்தக் கதையை எழுதணும்னா முதல்ல பெரியப்பா வீட்டுல சொல்லிட்டுத்தான் எழுதணும்னு நினைச்சேன். பெரியப்பா இப்ப இல்ல. அவர் மவன், எனக்குத் தம்பி முறை, அதே காட்டைத்தான் ஓட்டறான். ஞாயித்துக்கிழமை போயி திண்ணையில உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்குச்சு. அவன் அசையாம கேட்டுட்டுச் சொன்னான்: "அப்பாவுக்குத் தெரியும்ணா. டக்குன்னு சத்தம் கேட்டுதாம். எங்ககிட்ட சொல்லியிருக்காரு. அதுக்குப் பிறகுதான் ராத்திரி மடைக்குப் போனா இருமிக்கிட்டே போவாரு. எங்களையும் இருமிக்கிட்டுத்தான் போகணும்னு பழக்கினாரு."

நாங்க எல்லாம் அவருக்குப் பீடி இருமல்னு நினைச்சிட்டு இருந்தோம். பதினஞ்சு இருபது வருஷம் அந்த மனுஷன் எங்க வீட்டு நல்லது கெட்டது எல்லாத்துக்கும் வந்திருக்காரு. அப்பாவோட ஒரே திண்ணையில வெத்தலை போட்டிருக்காரு. ஒரு நாள் கூடக் கேக்கல. அப்பாவும் சொல்லல. ரெண்டு பேரும் மனசுல வச்சுக்கிட்டே போயிட்டாங்க.

மருமவனுக்குத் திரும்பக் கூப்பிட்டு இதைத்தான் சொன்னேன். "மாப்ள, தாத்தா துப்பாக்கி உனக்கு வராது. சட்டப்படியும் அனுப்ப முடியாது, எனக்கும் மனசு இல்ல. நீ சேக்கறதை வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நோட்டுப் போடு. எந்த வருஷம், என்ன நம்பர்ங்கறது மட்டும் போதாது. யார் கையில இருந்துச்சு, எந்த வீட்டுல, எதுக்கு வாங்கினாங்க, கிடைக்கிற வரைக்கும் விசாரிச்சு எழுது. கதை தெரியாததை வாங்காத. வீட்டுல குழந்தை இருக்கு, பூட்டி வை." கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "இந்த முதல் துப்பாக்கி யாரோடதுன்னு விக்கறவன்கிட்ட நான் கேக்கவே இல்ல மாமா, கேட்டுப் பாக்கறேன்"ன்னான்.

எங்க அப்பா துப்பாக்கியை நான் வாரிசு பேருக்கு மாத்தப் போறதில்ல. ஒப்படைக்கறதா எழுதிக் குடுக்கப் போறேன். அதோட அரசாங்கத்துக்கு ஒரு கோரிக்கை. எங்க பக்கத்துக் கிராமங்கள்ல அப்பப்ப தண்டோரா போட்டு, லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிங்களைக் கொண்டுவந்து ஒப்படைங்கன்னு சொல்றாங்க. சனங்களும் கொண்டுவந்து வைக்கறாங்க. நல்ல காரியம். ஆனா அதுக்கப்புறம் அது என்ன ஆகுதுன்னு யாரும் சொல்றதில்ல. எல்லாத்தையும் வைக்க வேண்டாம். ஊருக்கு ஒண்ணு, தாலுகாவுக்கு நாலு, சுட முடியாதபடி குழலை அடைச்சு, மாவட்ட அருங்காட்சியகத்துல வைக்கலாமே. சென்னை எழும்பூர் மியூசியத்துல தஞ்சாவூர் அரண்மனை ஆயுதமெல்லாம் இருக்கு, நான் பாத்திருக்கேன். ராஜா கத்தி இருக்கிற நாட்டுல, பரண் மேல பனியில உக்காந்திருந்தவன் துப்பாக்கிக்கும் ஒரு ஆணி அடிச்சு இடம் குடுக்கலாம். பக்கத்துல அதை வச்சிருந்த ஆள் சொன்ன கதையை ஒரு அட்டையில எழுதி வைங்க. நல்ல கதைதான் வேணும்னு இல்ல. எங்க வீட்டுக் கதை மாதிரி வெக்கப்படற கதையும் இருக்கட்டும்.

நான் மனுவுல இதையும் சேத்துத்தான் எழுதியிருக்கேன். படிப்பாங்களான்னு பாப்போம். பதில் வந்தா இங்கயே சொல்றேன்.

நேத்து ராத்திரி மோட்டார் போடப் போனேன். வரப்புல கால் வச்சதும் என்னை அறியாம இருமினேன். மேக்கால காட்டுல இருந்து தம்பி பதிலுக்கு இருமினான்.